வாலைக் கவனி: பைத்தானில் ஒரு சிறிய அடுக்குத் தொடர் நிரல்

டேன்(சைன் ம) − சைன்(டேன் ம) என்ற கோவையை ம⁷-ஆல் வகுத்தால், ம பூஜ்யத்தை நெருங்கும்போது கிடைக்கும் எல்லை மதிப்பு என்ன? மாறியை இந்தப் பதிவு முழுக்க ம என்றே எழுதுகிறேன். விடை 1/30. லோபிதால் விதியில் போட நினைத்தால் ஏழு முறை வகையிட வேண்டும். மூன்று நான்கு முறைக்குள்ளேயே கோவை தாளை விட்டு வெளியே போய்விடும். தொடராக விரித்தால் ஒரு பக்கத்தில் முடிகிற கணக்கு இது.

தருமபுரியில் மாலையில் நான் கணக்கு நடத்தும் அறைக்கு பி.எஸ்சி. மாணவர்களும், முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களும் வருகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருபவர்களே அதிகம். இந்தக் கணக்கை ஒரு மாணவி போனில் சிம்பை என்ற இயற்கணித மென்பொருளைத் திறந்து, அதன் இயல்பான அளவான 6 என்ற எல்லையிலேயே விரிக்கச் சொன்னாள். திரையில் வந்தது ஓ(ம⁶), அவ்வளவுதான்.

"சார், ரெண்டும் ஒண்ணுதான், கழிச்சா பூஜ்யம்னு சொல்லுதே?"

"பூஜ்யம்னு சொல்லலைம்மா. ஆறாம் அடுக்குக்குக் கீழே ஒண்ணும் இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது. அதுக்கு மேல என்ன இருக்குன்னு இன்னும் நாம கேக்கவே இல்ல."

அந்த ஓ(ம⁶) என்கிற வாலைப் பலரும் விடையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குப்பை என்று நினைக்கிறார்கள். விடையை எழுதும்போது முதலில் அடித்துவிடுவதும் அதைத்தான். என் பார்வையில், இயற்கணித மென்பொருள் தொடரைக் கையாளும் விதத்தில் உயிர் அந்த வாலில்தான் இருக்கிறது. எதுவரை தெரியும், எங்கிருந்து தெரியாது என்று ஒவ்வொரு கூட்டலிலும் பெருக்கலிலும் கணக்கு வைத்துக்கொண்டே போவதுதான் அந்த மென்பொருளின் முக்கால்வாசி வேலை. இதைப் பலகையில் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அதனால் மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு நிரலை அடியிலிருந்து எழுதுவது என்று முடிவு செய்தோம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, பைத்தானோடு கூடவே வரும், பின்னங்களைக் கையாளும் நிரல் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

எதைச் சேமிப்பது

பாடப்புத்தக வழி எல்லோருக்கும் தெரியும்: சார்பை வகையிட்டுக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ம = 0 என்று போட்டு, காரணியப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். டெய்லர் தொடரின் வரையறையே அதுதான். ஆனால் டேன்(சைன் ம) போன்ற கோவையைக் கணினியில் அப்படி வகையிட்டால், பெருக்கல் விதியும் சங்கிலி விதியும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் கோவையைப் பல மடங்கு வீங்க வைக்கும். பத்தாவது வகைக்கெழுவைத் திரையில் உருட்டிப் பார்த்த மாணவர்களுக்கு இந்த வழி ஏன் உதவாது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மென்பொருள் போகும் திசை நேர் எதிர். கோவையின் உள்ளிருந்து தொடங்கும். ம ஒரு தொடர். சைன் ம இன்னொரு தொடர். டேன் என்பது ஒரு தொடரை வாங்கி இன்னொரு தொடரைத் திருப்பித் தரும் செயல். சார்புகளை முழுவதும் மறந்துவிட்டு, எண்களின் பட்டியல்களைக் கூட்டி, பெருக்கி, வகுத்து மேலே ஏறி வருகிறது.

எங்கள் நிரலில் ஒரு தொடர் என்றால் மூன்று தகவல்கள்: கெழுக்களின் பட்டியல், அது எந்த அடுக்கில் தொடங்குகிறது, எந்த அடுக்கோடு நமது அறிவு முடிகிறது. நடுவில் உள்ளதைத் தலை என்றும் கடைசியில் உள்ளதை வால் என்றும் பேர் வைத்தோம். சைன் ம-வை ஓ(ம⁷) வரை எடுத்தால் தலை 1, வால் 7. மேத்தமேட்டிகா என்ற மென்பொருள் தொடரை உள்ளே வைத்திருக்கும் அமைப்பைப் பார்த்தாலும் இதே எலும்புக்கூடுதான்: மாறி, எந்தப் புள்ளியைச் சுற்றி விரிக்கிறோம், கெழுப் பட்டியல், தொடக்க அடுக்கு, முடிவு அடுக்கு. கூடுதலாக அடுக்குகளுக்கு ஒரு பொதுப் பகுதி உண்டு. அது எதற்கு என்று பின்னால் வரும்.

கெழுக்களைத் தசமமாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. டேன்(சைன் ம), சைன்(டேன் ம) இரண்டும் ம + ம³/6 − ம⁵/40 என்றே தொடங்குகின்றன. தசமத்தில் இரண்டு வழிகளில் வந்த 1/6-களைக் கழித்தால், பூஜ்யத்துக்குப் பதில் பதினேழாவது தசம இடத்தில் ஒரு துகள் மிஞ்சக்கூடும். நிரல் அதை உண்மையான கெழு என்று நம்பி, தலை 3 என்று எழுதிக்கொள்ளும். பிறகு ம⁷-ஆல் வகுத்தால் எல்லை 1/30 வராது. ம பூஜ்யத்தை நெருங்க நெருங்க முடிவிலிக்கு ஓடும் ஒரு விடை வரும். இத்தனை சிறிய துகள் இத்தனை பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பதால், கெழு எப்போதும் பின்னமாகவே இருக்க வேண்டும்.

பின்னத்துக்கு விலை உண்டு. டேன் ம-வின் கெழுக்கள் 1, 1/3, 2/15, 17/315, 62/2835 என்று போகும். ஐம்பது உறுப்புகள் தாண்டினால் ஒவ்வொரு பின்னமும் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டலிலும் மீ.பொ.வ. கண்டு சுருக்குவதிலேயே நேரம் போய்விடும். ஃபிளிண்ட் என்ற நிரலகம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது: கெழுக்களை எல்லாம் முழு எண்களாக வைத்து, முழுப் பட்டியலுக்கும் ஒரே ஒரு பொதுப் பகுதி. நாங்கள் இன்னும் எளிதாக, கெழுவை அதன் அடுக்கின் காரணியப் பெருக்கத்தால் பெருக்கி வைத்துப் பார்த்தோம். டேன் ம அப்போது 1, 2, 16, 272 என்று முழு எண்களாகவே நிற்கும்.

வாலின் கணக்கு

கூட்டலுக்கு விதி எளிது: இரண்டு வால்களில் சிறியதுதான் விடையின் வால். ஒரு தொடர் ம¹⁰ வரை தெரியும், இன்னொன்று ம⁶ வரைதான் தெரியும் என்றால் கூட்டுத்தொகை ம⁶ வரைதான் தெரியும்.

பெருக்கலில்தான் மாணவர்கள் தடுமாறினார்கள். (ம² + ஓ(ம⁵)) × (ம + ஓ(ம⁷)) எதுவரை சரி? முதலாவதின் வால் இரண்டாவதின் தலையோடு பெருக்கினால் 5 + 1 = 6. இரண்டாவதின் வால் முதலாவதின் தலையோடு பெருக்கினால் 7 + 2 = 9. சிறியது 6. எனவே விடை ம³ + ஓ(ம⁶). அதாவது, மற்றவரின் தலை உயரமாக இருந்தால் நம் வாலும் மேலே ஏறுகிறது.

வகுத்தலில் அதே விதி தலைகீழாக வேலை செய்து நம் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும். 1 − காஸ் ம-வை ம²/2 − ம⁴/24 + ஓ(ம⁶) என்று எடுத்து, அதன் தலைகீழியைக் கேட்டால் வருவது 2/ம² + 1/6 + ஓ(ம²). ஆறு வரை தெரிந்து தொடங்கினோம், இரண்டோடு நின்றுவிட்டோம். நான்கு அடுக்கு எங்கே போயின? வகுக்கும் தொடரின் தலை 2 என்பதால், தலைகீழியில் அது இரு முறை கழிபடுகிறது. இந்த ஓர் உதாரணத்தை வைத்தே ஒரு மாலை முழுக்கப் பேசலாம், நாங்கள் பேசினோம்.

ஒவ்வொரு மென்பொருளும் இந்தச் சிக்கலை எப்படி எதிர்கொள்கிறது என்பதில்தான் அவற்றின் குணம் தெரிகிறது. சிம்பையிடம் 6 என்று சொன்னால், விடை ஓ(ம⁶) வரை வேண்டும் என்று பொருள். மேப்பிளும் இயல்பாக 6 என்ற அளவோடுதான் வேலையைத் தொடங்கும். இடையில் உறுப்புகள் அடிபட்டுப் போனால் விடையில் குறைவாகவே மிஞ்சலாம். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் 1980-களில் பிறந்த பாரி ஜிபி வேறு மாதிரி எண்ணுகிறது. அதன் இயல்பான அளவு 16 முக்கிய உறுப்புகள். தலையிலிருந்து எண்ணுகிற எண்ணிக்கை அது, பூஜ்யத்திலிருந்து அல்ல. முதல் வகையைத் தனித் துல்லியம் என்றும் இரண்டாவதைச் சார்புத் துல்லியம் என்றும் சொல்லலாம். வகுத்தல் அதிகம் வரும் வேலைக்கு இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. கையில் எத்தனை உறுப்பு உண்மையாக மிஞ்சியிருக்கிறது என்று அது நேராகச் சொல்லிவிடுகிறது.

வகையிட்டால் வால் ஒன்று குறையும், தொகையிட்டால் ஒன்று கூடும். ம⁻¹ என்ற உறுப்பு இருக்கும் தொடரைத் தொகையிடச் சொன்னால் எங்கள் நிரல் மறுத்துவிடும், ஏனென்றால் அங்கே மடக்கை வந்து நிற்கிறது. எங்கள் பட்டியலில் மடக்கைக்கு இடம் இல்லை.

சார்புகளைக் கட்டுவது

தலைகீழி காண இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெருக்கல் பலன் 1 ஆக வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு கெழுவாகத் தீர்ப்பது. பத்தே வரி நிரல். 1/காஸ் ம-வுக்கு 1 + ம²/2 + 5ம⁴/24 + 61ம⁶/720 என்று அழகாக வந்தது.

இரண்டாவது நியூட்டன் வழி. அ என்ற தொடரின் தலைகீழிக்கு ஆ என்று ஓர் உத்தேச விடை இருந்தால், அதை விட நல்ல விடை ஆ × (2 − அ × ஆ). ஒவ்வொரு சுற்றிலும் சரியான உறுப்புகள் இரட்டிப்பாகும். பலகையில் 1 − ம − ம² என்ற கோவையை எடுத்தோம். தொடக்கம் 1. முதல் சுற்றில் 1 + ம. அடுத்த சுற்றில் 1 + ம + 2ம² + 3ம³. அதற்கடுத்த சுற்றில் 5, 8, 13, 21 நான்கும் சேர்ந்து வந்தன. பிபனாச்சி எண்கள் இரண்டிரண்டு மடங்காக வரிசை கட்டி வருவதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு. இந்த வழியைத் தொடர்களுக்குப் பயன்படுத்துவதை எச். டி. குங் 1974-இல் ஆராய்ந்தார். 1978-இல் ரிச்சர்ட் பிரெண்ட்டும் அவரும் சேர்ந்து, தலைகீழி மட்டுமல்ல, பல செயல்களும் பெருக்கலின் செலவையே ஒட்டி முடிந்துவிடும் என்று காட்டினார்கள். ஆனால் பெருக்கல் வேகமாக இருந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். நேர்ப் பெருக்கலில், 2000 உறுப்புகள் கொண்ட இரண்டு தொடர்களுக்கு 20,01,000 சிறு பெருக்கல்கள் தேவை. அந்த நிலையில் நியூட்டன் வழியால் எங்களுக்கு லாபம் ஒன்றும் தெரியவில்லை.

பெருக்கலை வேகப்படுத்த நாங்கள் பிடித்தது குரோனெக்கர் பேரில் வழங்கும் ஒரு பழைய உத்தி. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 1 + 2ம + 3ம² என்பதையும் 4 + 5ம என்பதையும் பெருக்க வேண்டும். ம-வுக்குப் பதில் 1000 போடுங்கள்: முதலாவது 30,02,001; இரண்டாவது 5,004. இரண்டையும் வெறும் எண்களாகப் பெருக்கினால் 15022013004. வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டினால் 004, 013, 022, 15. விடை 4 + 13ம + 22ம² + 15ம³. தொடர்ப் பெருக்கல் ஒரே ஓர் எண் பெருக்கலாகிவிட்டது. பைத்தான் பெரிய எண்களைப் பெருக்கும்போது உள்ளுக்குள் கரட்சுபா என்ற வேகமான பெருக்கல் முறையைக் கையாள்வதால், அந்த வேகம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கெழுக்கள் எவ்வளவு பெரிதாக வளரும் என்று முன்கூட்டியே கணித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் போதுமான இலக்கம் ஒதுக்க வேண்டும். எதிர்மறைக் கெழுக்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வேறு தடை இல்லை.

அடுக்குக்குறிச் சார்பு, சைன், காஸ் ஆகியவற்றுக்குப் பலரும் நினைப்பது போல ஒரு தொடரை இன்னொன்றுக்குள் செருகி விரிக்கத் தேவையில்லை. அவை நிறைவு செய்யும் வகைக்கெழுச் சமன்பாடே போதும். ச = சைன்(அ), க = காஸ்(அ) என்றால், ச-வின் வகைக்கெழு அ-வின் வகைக்கெழு பெருக்கல் க; க-வின் வகைக்கெழு அதே போல, குறி மாறி, ச-வோடு. இரண்டையும் ஒன்றாக, ஒவ்வொரு கெழுவாக ஏற்றிக்கொண்டே போகலாம். மடக்கைக்கு வகையிட்டு வகுத்துத் தொகையிட்டால் முடிந்தது. நேர்மாறு டேனுக்கும் நேர்மாறு சைனுக்கும் அதே வழிதான். கடைசியில் சொன்னதற்கு ஒரு வர்க்கமூலம் கூடுதலாக வேண்டும்.

அ-வின் மாறிலி உறுப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இங்கே வரும். அடுக்குக்குறிச் சார்பில் 1 + ம-வைப் போட்டால் எல்லாக் கெழுக்களிலும் 2.718… வந்து உட்கார்ந்துவிடும்; அது பின்னம் அல்ல. சிம்பை அதை ஒரு குறியீடாகவே சுமந்துகொண்டு போகும். பாரி ஜிபி தசமமாக்கிவிடும். நாங்கள் மறுத்துவிட்டோம், பின்னத்துக்கு வெளியே போகாத நிரல் என்ற உறுதியை விட மனமில்லை. மாறிலி பூஜ்யமான உதாரணத்துக்கு, அடுக்குக்குறிச் சார்பிலிருந்து 1-ஐக் கழித்ததை மறுபடியும் அடுக்குக்குறிச் சார்புக்குள் போட்டோம். காரணியப் பெருக்கத்தால் பெருக்கிய கெழுக்கள் 1, 1, 2, 5, 15, 52, 203 என்று வந்தன. ஒரு கணத்தை எத்தனை வழிகளில் கூறுபோடலாம் என்று எண்ணும் பெல் எண்கள் இவை. நிரல் சரியாக ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிறகு அந்த மாணவியின் கணக்கு. வாலை 10 என்று வைத்து ஓட்டியதும் டேன்(சைன் ம)-வில் ம⁷-இன் கெழு −107/5040, சைன்(டேன் ம)-வில் −275/5040. கழித்தால் 168/5040, அதாவது 1/30. திரையில் ம⁷/30 + 29ம⁹/756 + ஓ(ம¹⁰). ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் ஆர்னால்ட் இதே கோவையை நேர்மாறுச் சார்புகளின் கோவையால் வகுத்து எல்லை கேட்பார். சைன்(டேன் ம) − டேன்(சைன் ம), அதன் நேர்மாறு இணை, இரண்டுமே −ம⁷/30 என்றுதான் தொடங்குகின்றன, எனவே விடை 1. அதையும் ஓட்டிச் சரிபார்த்தோம்.

பூஜ்யமா, தெரியாதா

ஓ(ம⁶) மட்டும் வந்தால் நிரலே வாலை நீட்டி மறுபடி முயலட்டுமே என்று ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், பல மென்பொருள்களும் ஓரளவு செய்வதுதான். 6 போதவில்லையா, 12. அதுவும் போதவில்லையா, 24. டேன்–சைன் கணக்கு இரண்டாவது முயற்சியிலேயே விழுந்துவிடும். ஆனால் சைன்² ம + காஸ்² ம − 1 என்று கொடுத்தால்? எவ்வளவு நீட்டினாலும் வால்தான் வரும், ஏனென்றால் அது உண்மையிலேயே பூஜ்யம். நிரல் நிற்காது. எங்கோ ஓர் உச்சவரம்பு வைத்து, "இதுவரை தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்ல வைப்பதுதான் நேர்மை. "பூஜ்யம்" என்று சொல்ல வைப்பது தவறு.

கெழுக்கள் பின்னமாக இருக்கும்போது ஒரு கெழு பூஜ்யமா என்று பார்ப்பதாவது எளிது. குறியீடுகளும் மூலங்களும் வந்துவிட்டால் அதுவும் கைவிட்டுப் போகும். √2 + √3 − √(5 + 2√6) என்பது பூஜ்யம். வர்க்கப்படுத்திப் பார்த்தால் தெரியும். ஆனால் மென்பொருள் எழுத்தளவில் பார்த்தால் அது பூஜ்யம் போலத் தெரியாது. அது ஒரு தொடரின் முதல் கெழுவாக அமைந்து, மென்பொருள் அதைப் பூஜ்யமில்லை என்று நம்பி அதால் வகுத்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் உறுப்பும் தவறு. 1968-இல் டேனியல் ரிச்சர்ட்சன் நிறுவிய தேற்றம் இந்த இடத்தில் ஒரு சுவர் எழுப்புகிறது: சைன், அடுக்குக்குறி, தனிமதிப்பு போன்றவை கலந்த கோவைகளில், கொடுத்த கோவை பூஜ்யமா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் பொதுச் செய்முறை இருக்கவே முடியாது. எனவே எந்த மென்பொருளும் இங்கே முழுதாக வெல்லாது. எங்கே தயங்குகிறது, எங்கே துணிகிறது என்பதில்தான் வேறுபாடு. தயங்கும் மென்பொருளைத்தான் நான் நம்புவேன்.

வாலே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளும் இன்னொரு மரபும் உண்டு. தொடரை ஒரு பட்டியலாகச் சேமிக்காமல், "இத்தனையாவது கெழு என்ன?" என்று கேட்டால் கணக்கிட்டுத் தரும் செயலாக வைப்பது. கிணற்றில் எவ்வளவு நீர் என்று யாரும் அளந்து வைப்பதில்லை, தேவைப்படும்போது இறைத்துக்கொள்கிறோம், அது போல. டக்ளஸ் மெக்கில்ராய் 1990-களில் இந்த வழியை மிகச் சுருக்கமாக எழுதிக் காட்டினார். சேஜ் என்ற மென்பொருளில் இப்படி ஒரு வகைத் தொடர் இருக்கிறது. பைத்தானில் இதை எழுத எங்களுக்கு ஆசை அதிகமாகவே இருந்தது. அடுக்குக்குறித் தொடரை "1, அதோடு தன்னையே தொகையிட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு கெழு அடுத்த கெழுவைத் தானே இழுத்துக்கொண்டு வரும். மாணவர்கள் இதை மிகவும் ரசித்தார்கள். ஆனால் தலையைத் தேடும் வேலை இங்கேயும் அப்படியே இருக்கிறது: முதல் பூஜ்யமல்லாத கெழுவைத் தேடி இறைத்துக்கொண்டே போனால், பூஜ்யத் தொடரில் முடிவே இல்லை.

எடுத்து ஓட்டிய கணக்குகள்

ராமானுஜனின் பேர் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த கணக்கு, எண் பிரிவினை. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வழிகளில் பிரிக்கலாம். இந்த எண்ணிக்கைகளைக் கெழுக்களாகக் கொண்ட தொடர், (1−ம)(1−ம²)(1−ம³)… என்ற முடிவில்லாப் பெருக்கலின் தலைகீழி. முடிவில்லாப் பெருக்கலைக் கணினி எப்படிச் செய்யும்? வால் சொல்லும்: ம²⁰¹ வரை போதும் என்றால் 200-க்கு மேற்பட்ட காரணிகள் ஒன்றையும் மாற்றாது, விட்டுவிடலாம். பெருக்கிப் பார்த்தால் பெரும்பாலான உறுப்புகள் அடிபட்டு, 1 − ம − ம² + ம⁵ + ம⁷ − ம¹² − ம¹⁵ + … என்று மிகச் சிலவே மிஞ்சும். ஆய்லர் கண்டது இது. அதன் தலைகீழியில் நூறாவது கெழு 19,05,69,292. இருநூறாவது 39,72,99,90,29,388. இந்த இருநூறாவது எண்ணைக் கணிதவியலாளர் மேக்மஹோன் கையால் கணக்கிட்டுத் தந்ததை வைத்துத்தான் ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட தங்கள் வாய்பாட்டைச் சோதித்தார்கள். பிறகு 4, 9, 14, 19, 24 ஆகிய இடங்களின் கெழுக்களை மட்டும் அச்சிடச் சொன்னோம்: 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தால் வகுபடும். ராமானுஜன் அட்டவணையைப் பார்த்தே கண்ட உண்மை இது. பென்னாகரத்துப் பையன் ஒருவன் இருநூறு வரை எல்லா இடங்களையும் சோதிக்க ஒரு வரி எழுதி ஓட்டினான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சிம்பையில் வாலை வெட்டிவிட ஒரு கட்டளை இருக்கிறது. வெட்டிய பிறகு அது சாதாரணப் பல்லுறுப்புக் கோவை. எந்த எண்ணையும் போடலாம், மென்பொருள் தடுக்காது. சைனின் முதல் மூன்று உறுப்புகளில் ம = 10 போட்டால் 676.67 வரும். சைன் 10-இன் உண்மையான மதிப்பு ஏறக்குறைய −0.544. வால் சொன்ன வாக்கு ம பூஜ்யத்துக்கு அருகே செல்லும்போது மட்டும். பத்தில் என்ன ஆகும் என்று அது எதையும் சொல்லவில்லை. தொடர் ஒருங்குகிறதா என்பதையும் இந்தக் கணக்கு முறை கேட்பதில்லை. 1 + ம + 2ம² + 6ம³ + 24ம⁴ + … என்ற தொடர், பூஜ்யத்தைத் தவிர எந்த எண்ணுக்கும் ஒருங்காது. ஆனாலும் அதைப் பெருக்கலாம், தலைகீழி காணலாம், எல்லாம் சரியாகவே வரும். எண்ணைப் போட விரும்புபவர் பிழையின் அளவைத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

மேக்சிமா என்ற மென்பொருளில் ஒரே சார்பை இரண்டு கட்டளைகளில் விரிக்கலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, கேட்ட அடுக்கு வரை நறுக்கித் தரும். மற்றொன்று, பொது உறுப்பைக் கண்டுபிடித்து, முடிவில்லாக் கூட்டல் குறியோடு வாய்பாடாகத் தரும். பாடம் எடுப்பவருக்கு இரண்டாவது பொன் போன்றது, ஆனால் எல்லாச் சார்புக்கும் பொது உறுப்பு கிடைக்காது. டேன்(சைன் ம) கிடைக்காத வகை. வேகம் வேண்டுமானால் சிம்பைக்குள்ளேயே பல்லுறுப்பு வளையத்தில் இயங்கும் தனித் தொடர்ப் பகுதி ஒன்று இருக்கிறது. வழக்கமான விரிவுக் கட்டளை ஒவ்வோர் உறுப்பையும் கோவை மரமாகத் தூக்கிச் சுமப்பதால், நூறு உறுப்பு கேட்டால் பழைய மடிக்கணினி திணறுகிறது. அந்தத் தனிப் பகுதி அப்படியில்லை.

எங்கள் நிரலில் இன்னும் இரண்டு வேலைகள் பாக்கி. முதலாவது பின்ன அடுக்குகள். √(சைன் ம) என்பது √ம × (1 − ம²/12 + ம⁴/1440 − …). அடுக்குகள் 1/2, 5/2, 9/2. மேத்தமேட்டிகாவின் அமைப்பில் இருந்த பொதுப் பகுதி இதற்குத்தான்: அடுக்குகளை எல்லாம் 2-இன் பகுதியில் எழுதிவிட்டால், பட்டியல் பழையபடி முழு எண் வரிசையில் நிற்கும். பியூசோ தொடர் என்று இதற்குப் பேர். தலை, வால் இரண்டையும் இரட்டித்து வைத்தால் போதும் என்று தெரிகிறது. பெருக்கல் விதியில் மாற்றமில்லை.

இரண்டாவது மடக்கை. ம-வின் ம-ஆவது அடுக்கைப் பூஜ்யத்துக்கு அருகே விரித்தால் 1 + ம·மட ம + (ம·மட ம)²/2 + … என்று ஒவ்வொரு கெழுவுக்குள்ளும் மடக்கை வந்து நிற்கும். மட ம-வை இன்னொரு மாறியாக வைத்து, கெழு என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு பல்லுறுப்புக் கோவையை அனுமதிக்கலாம் என்று திட்டம். ம⁻¹-ஐத் தொகையிட மறுத்த இடமும் அப்போது திறந்துவிடும். முதல் சோதனையாக இந்தத் தொடரை 0 முதல் 1 வரை உறுப்பு உறுப்பாகத் தொகையிட வைத்திருக்கிறோம். யோஹான் பெர்னூலி 1697-இல் கண்ட விடை 1 − 1/2² + 1/3³ − 1/4⁴ + …, ஏறக்குறைய 0.7834. நிரல் 1, −1/4, 1/27, −1/256 என்று அச்சிட்டால் மடக்கைப் பகுதி சரி என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.